இனித்த மாத்திரை

வேலையிடத்தில் அவருக்குப் பனிக்கரடி என்று பெயர். பழங்களையும் கிழங்குகளையும் மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் குளிர்க்கிடங்கில் அவர் ஆபரேட்டர். வெளியே உலகமே வியர்த்து வழியும்போது, குல்லாயும் தடிமனான கோட்டுமாக உருண்டு திரண்டு உள்ளே நடமாடும் மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவரும் கோபித்துக்கொண்டதில்லை. பெயர் வைத்தவர்கள் அத்தனை பேரும் மெஷின் மக்கர் செய்தால் தன்னைத் தேடித்தான் ஓடிவர வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்தக் கர்வம் கிடங்கோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அது நிற்கவில்லை. வேலை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாரென்றால் போதும், பிரசங்கம் ஆரம்பித்துவிடும்.

"உடம்புன்னா என்னன்னு நினைக்கறீங்க? அதுவும் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ்தான். சூடு ஏறினா வேர்க்குது, அது கூலிங். குளிர் ஏறினா நடுங்குது, அது ஹீட்டர். யாராவது போய் சுவிட்ச் போடறோமா? உள்ள ஒருத்தன் உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கான். ஏறினா இறக்கறான், இறங்கினா ஏத்தறான். தண்ணி குறைஞ்சா தாகம், நிறைஞ்சா ஒண்ணுக்கு. கண்ட்ரோல்! எல்லாமே கண்ட்ரோல்!"

"அப்ப உங்க வாய் மட்டும் ஏண்ணே நிக்காம ஓடுது?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். "அதுக்கு உள்ள ஆள் போடலையா?"

பெஞ்சே சிரிக்கும். பனிக்கரடியும் சிரிப்பார். தன் டீயில் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, மிளகைவிடச் சற்றே பெரிய ஒரு வெள்ளை மாத்திரையைத் தட்டிப் போட்டுக்கொள்வார். சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சர்க்கரைக்குப் பதில் அந்த இனிப்பு மாத்திரை.

வீட்டில் வேறு மாத்திரைகள் இருந்தன. அவை மனைவிக்கு. அவளுக்கு முடக்குவாதம். துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு சரிசெய்து கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தவள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. ஊசியில் நூல் கோர்த்த அந்தக் கையால் இப்போது மாத்திரை அட்டையின் தகரத்தாளைக் கிழித்து மாத்திரையைப் பிதுக்க முடியவில்லை. அதனால் அது அவருடைய வேலையாயிற்று. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு அட்டையிலிருந்தும் ஒன்றொன்றாகப் பிதுக்கி ஒரு பாட்டில் மூடியில் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார். அவள் மூடியை வாங்கி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்ததே இல்லை.

அந்த மாத்திரைகளில் ஒன்றுதான் வில்லங்கம் பிடித்தது. சின்னது, வெள்ளை, ஸ்டீராய்டு. அதை எழுதிக்கொடுத்த அன்றே மூட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். "இது புதுசா ஏதோ மருந்துன்னு நினைக்காதீங்க. நம்ம உடம்பே இதைத் தயாரிக்குது. ரெண்டு கிட்னி மேலயும் ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. ரத்தத்துல அளவு குறைஞ்சா மூளை அதைக் கூப்பிடும், அது சுரக்கும். அளவு போதும்னா மூளை கூப்பிடறதை நிறுத்திடும், சுரப்பியும் அடங்கிடும். இப்ப நாம வெளியிலேர்ந்து குடுக்கறோம். மூளை பார்க்கும், 'அதான் வேணுங்கற அளவு இருக்கே'ன்னு சும்மா இருந்துடும். சுரப்பியும் வேலை இல்லாம கிடக்கும்."

பனிக்கரடிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "சென்சார் முன்னாடி ஐஸை வச்ச மாதிரி!"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று டாக்டர் சிரித்தார். "அதனாலதான் சொல்றேன், எக்காரணம் கொண்டும் நீங்களா இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. நேரம் வரும்போது நானே கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன்."

முதல் பாதியை மனிதர் கல்வெட்டாகப் பதித்துக்கொண்டார். இரண்டாம் பாதி காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. தனக்குத் தெரிந்த விஷயத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்கிற சந்தோஷத்தில் ஆள் மிதந்துகொண்டிருந்தார். கிடங்கிலே அப்படி ஒன்று நடந்தும் இருந்தது. புதிதாக வந்த சுமைக்காரர்கள் நன்றாகக் குளிர்ந்த பெட்டிகளைச் சென்சாரை ஒட்டி அடுக்கிவிட்டார்கள். அறையே சில்லென்று இருக்கிறது என்று நம்பிய சென்சார், கம்ப்ரஸரை நிறுத்திவிட்டது. பின்வரிசையில் பழமெல்லாம் வெந்துகொண்டிருந்தது. பனிக்கரடி வந்து பார்த்தார், நான்கு பெட்டிகளை நகர்த்தினார், கம்ப்ரஸர் 'கிர்' என்று ஓட ஆரம்பித்தது. அந்தக் கதையை அவர் டீக்கடையில் சொல்லாத நாளில்லை.

மாத்திரை வேலை செய்தது. மனைவியின் விரல்கள் ஓரளவு மடங்கின. ஆனால் ஒரு வருஷத்தில் முகம் உப்பிக்கொண்டது. கன்னம் இரண்டும் உருண்டு, கண் சிறுத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு மேடு எழும்பி, வயது பத்து கூடிவிட்டது. பழைய ரவிக்கைகளை அவளே பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டாள். "கடைசியில என் கஸ்டமர் நானேதான்" என்று சிரித்தாள்.

அப்புறம் கிடங்கின் ஆண்டு விழா வந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். புதிதாக வந்திருந்த மேனேஜர், கையில் ஜூஸ் கிளாஸோடு, எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டே வந்தார். இவரிடம் கை குலுக்கிவிட்டு, பின்னால் தட்டு வாங்க நின்றிருந்தவளைப் பார்த்தார்.

"உங்க அக்காவா சார்?"

பனிக்கரடி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பல்லைக் காட்டினார். மேனேஜர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். ஒரு நொடி சமாச்சாரம்தான். "என் மனைவி சார்" என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? அந்த மூச்சு அவருக்கு வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. இதற்கு வேறு பூச்சு எதுவும் பூச முடியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. அவர் கதவருகில் நின்று பார்த்தார். பார்த்ததும் அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. பாவம், முகத்தை நினைத்து அழுகிறாள். இவளுக்காக நாம் ஏதாவது செய்தாக வேண்டும். தன் வெட்கத்தை எடுத்து அவள் கண்ணீரில் நனைத்துப் பிழிந்தால் அது அக்கறையாகிவிடும் என்பதை அந்த ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தார்.

மறுநாள் காலை ஸ்டீராய்டு மாத்திரையைப் பிதுக்கினார், மூடியில் போடவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். அதன் இடத்தில் தன் டப்பாவிலிருந்து ஓர் இனிப்பு மாத்திரையைத் தட்டிப் போட்டார். அளவும் அதே, நிறமும் அதே. கணக்கு அவருக்குச் சுலபமாக இருந்தது: சென்சார் முன்னாலிருந்து பெட்டியை நகர்த்தியாயிற்று, இனி கம்ப்ரஸர் தானாக ஓடும். மனைவியிடம் சொல்லலாமே என்று மனம் ஒரு தடவை குறுகுறுத்தது. சொன்னால் பயப்படுவாள், டாக்டரிடம் கேட்கலாம் என்பாள், காரியம் கெட்டுப்போகும். முகம் பழையபடி ஆனதும் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று அந்தக் குறுகுறுப்பை ஆறப்போட்டார்.

முகம் வற்ற ஆரம்பித்தது உண்மை. ஒரு நாள் அவள் கையை நீட்டி, "என்னங்க, மோதிரம் சுத்துது பாருங்க!" என்று சின்னப் பெண் மாதிரி காட்டினாள். பனிக்கரடிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்று டீக்கடையில் அவர் பிரசங்கம் செய்யவில்லை, தனியாகச் சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அவள் சோர்ந்துபோக ஆரம்பித்தாள். பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளினாள். உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். விரல் வலி திரும்பி வந்தது.

"என்னவோ தெரியலங்க, உடம்புல சத்தே இல்ல. பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு."

"ரொம்ப நாள் நின்ன மெஷின் ஓட ஆரம்பிச்சா முதல்ல கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும்" என்றார்.

"எந்த மெஷின்?"

"கிடங்குல. அதைச் சொல்றேன்." நாக்கு அவரை மாட்டிவிடப் பார்த்தது. அவசரமாகத் தைல பாட்டிலைத் தேடப் போனார்.

அதற்குப்பின் ஒவ்வொரு காலையும் தொட்டி முன்னால் அவருக்கு ஒரு சின்ன நரகம். திரும்ப மாத்திரையைக் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் முகம் மறுபடி உப்பும், இத்தனை நாள் செய்தது தப்பு என்று ஆகிவிடும். டாக்டரிடம் போகலாமா? போனால் முதல் கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும். இன்னும் நாலு நாள் பார்க்கலாம், சரியாகிவிடும். நாலு நாள் போனதும் இன்னும் நாலு நாள். தேவைக்கு மேல் அதிக நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். தண்ணீரோடு போன மாத்திரை மறுபடி மேலே வந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி. மூடியை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. வேறு யாருக்காவது வந்திருந்தால் இரண்டு நாள் படுத்து எழுந்திருப்பார்கள். இவள் மத்தியானம் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தாள். கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் கண் பாதிதான் திறந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சினிக்கு போன் போட்டார். மனைவியின் தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாயும் வேனும் ஒரே வேகம். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வந்து, அக்காவை வாரி எடுத்துப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டர் ஒரு பெண். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். தலைமாட்டில் ஒரு பெட்டியில் எண்கள் ஓடின. எண்களைப் படிக்கப் பனிக்கரடிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே இறங்கியிருந்த பிரஷர் எண் மேலே ஏறவில்லை.

"வேற என்ன வியாதி இருக்கு? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மூட்டு வலிக்கு சாப்பிடறா, பேரெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் மச்சினி. "வந்த அவசரத்துல ஃபைலையும் எடுக்கல. மாமாவைக் கேளுங்க. அவர்தான் தினமும் தன் கையால எடுத்துக் குடுப்பார். ஒரு நாள் தவறினது கிடையாது டாக்டர். எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார், எனக்கு ஜுரம்னா 'சமையல் ஆச்சா'ன்னு கேப்பார். மாமா மாதிரி ஒருத்தர் கிடைக்கணுமே!"

ஒவ்வொரு வார்த்தையும் அவர் வாயில் ஒரு பூட்டாக விழுந்தது. டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கறாங்களா சார்?"

இப்போது எடுக்கவில்லையே. அது உண்மைதானே. எவ்வளவு கேவலமான உண்மை என்பது அவருக்கே தெரிந்தது. ஆனாலும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க" என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பனிக்கரடி கட்டிலின் கால்பக்கம் நின்றார். இரண்டாவது பாட்டில் தீர்ந்து மூன்றாவது மாட்டினார்கள். நர்ஸ் விரல் நுனியில் குத்தி, "சர்க்கரையும் ரொம்பக் கம்மியா இருக்கு" என்றாள். டாக்டர் வந்து எண்களைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், இன்னொரு டாக்டரை அழைத்துவந்து இருவருமாகத் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"இவ்வளவு தண்ணி ஏத்தியும் பிரஷர் ஏற மாட்டேங்குது. ஏறியிருக்கணும். ஏன் ஏறலைன்னு புரியல. ஐ.சி.யூ.ல பெட் கேளுங்க."

ஏன் ஏறவில்லை என்று அந்த அறையில் ஒரே ஒருவருக்குப் புரிந்தது. மூளை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. காய்ச்சல் வந்தபோதே கூப்பிட்டிருக்கும், வாந்தி வந்தபோது கத்தியிருக்கும், இப்போது கதறிக்கொண்டிருக்கும். கம்ப்ரஸர் ஓடவில்லை. பெட்டிகளை நகர்த்தியும் ஓடவில்லை. வெறும் சுவிட்ச் விழுகிற சத்தம் மட்டும் இவள் உடம்புக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை வாரமாக இவள் தள்ளாடியது, சாப்பிடாமல் தட்டைத் தள்ளியது எல்லாம் அந்தச் சத்தம்தான். கேட்டுக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார்.

வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தார். சொன்னால் என்ன ஆகும்? மச்சினி நடு ஆஸ்பத்திரியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். போலீஸுக்குப் போவார்களா? கிடங்கில் தெரிந்தால்? டீக்கடைக்குப் போக முடியுமா? இந்த நிலைமையிலும் டீக்கடை ஞாபகம் வருகிறதே என்று தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. பொண்டாட்டி உள்ளே செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் இங்கே நின்று மானத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விழாவிலும் இப்படித்தான் ஒரு மூச்சு வராமல் நின்றார்.

உள்ளே ஓடினார். டாக்டரின் கோட்டுக் கையைப் பிடித்தே இழுத்துவிட்டார்.

"நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கிட்டிருந்தா. ஒரு வருஷத்துக்கு மேல. நான்தான் நிறுத்தினேன். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாம நான்தான் நிறுத்திட்டேன்."

டாக்டர் அவரை ஒரே ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரமில்லை. "ஹைட்ரோகார்ட்டிசோன் எடுங்க, சீக்கிரம்!" என்று நர்ஸிடம் கத்தினார். "எப்ப நிறுத்தினீங்க? மொத்தமாவா? தள்ளி நில்லுங்க சார், தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். மச்சினி வாயைத் திறந்தாள், எதுவும் வரவில்லை. அவள் வாய் ஓடாமல் நின்றதை அவர் அன்றுதான் பார்த்தார்.

அந்த ஸ்டீராய்டு ஊசி போட்டு வெகுநேரம் ஆகவில்லை. எண் அசைந்தது. கொஞ்சம் ஏறியது, இறங்குவது மாதிரி போக்குக் காட்டியது, பிறகு மறுபடி ஏறியது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் மேல் விழும் நேரத்தில் அவள் கையில் சூடு வந்திருந்தது. தண்ணீர் கேட்டாள். டாக்டர் மூச்சு விட்டுவிட்டு, அவரை வெளியே கூப்பிட்டார்.

"எதுக்கு சார் இப்படிப் பண்ணினீங்க?"

"மாத்திரையை நிறுத்தினா சுரப்பி தானா ஓடும்னு நினைச்சேன். எங்க கிடங்குல அப்படித்தான்..." அவரால் முடிக்க முடியவில்லை.

"மெஷின் எத்தனை நாள் நின்னாலும் அதே மெஷின்தான். இது சதை சார். வேலை இல்லைன்னா சுருங்கிப்போயிடும். கட்டுப் போட்ட கால் சூம்பிப்போற மாதிரி. கட்டைப் பிரிச்ச அன்னைக்கே ஓடச் சொல்ல முடியுமா? மாத்திரையைத் துளித் துளியா குறைச்சு, அது மெல்ல மெல்ல முழிக்கணும். மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷம் கூட. அதுவரைக்கும் ஒரு சின்னக் காய்ச்சல்னாலும் அதிகமா குடுக்கணும்." டாக்டர் போகத் திரும்பியவர் நின்றார். "நீங்க கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

மச்சினி வராந்தாவில் காத்திருந்தாள். "ஒரு நாள் தவறினதில்லைன்னு அந்த டாக்டர் பொண்ணுகிட்ட வாய் கிழியச் சொன்னேன் மாமா. நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க." அதற்குமேல் அவள் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டாள். அக்காவின் புருஷனை எத்தனை நேரம்தான் வெறுக்க முடியும்? அவளே அவருக்கு ஒரு கயிறு வீசினாள். "அவ முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுததை உங்களால தாங்க முடியல. அதானே? அதைச் சொல்லுங்க. அவ புரிஞ்சுப்பா. ஆனா நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. தங்கை அந்தப் பக்கம் போய் நின்றாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். தொட்டி, குழாய், டப்பா, டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாம்.

அவள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு, "அது இனிச்சுது" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"அந்தச் சின்ன மாத்திரை எப்பவும் நாக்குல பட்டா கசக்கும். ஒரு நாள் இனிச்சுது. அடுத்த நாளும் இனிச்சுது. கம்பெனியை மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாமே" என்றார் அவர். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய அபத்தத்தைச் சொன்னோம் என்று உறைத்தது.

"எதுக்குக் கேக்கணும்? நீங்கதானே குடுத்தீங்க."

இதைவிட அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம். மச்சினி வீசிய கயிறு ஒன்றுதான் கையில் மிச்சமிருந்தது.

"நீ கண்ணாடி முன்னாடி அழுததைப் பார்த்தேன். தாங்க முடியல. முகத்தை நினைச்சு நினைச்சு அழறியேன்னுதான், உனக்காகத்தான்..."

"முகத்துக்கா அழுதேன்?"

அவள் குரல் உயரவில்லை. சோர்வாகத்தான் கேட்டாள்.

"முகம் உப்பினா உப்பட்டும், விரல் மடங்குதேன்னு இருந்தேன். 'அக்காவா'ன்னு அந்த ஆள் கேட்டப்ப நான் உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன். நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். சிரிச்சீங்க. அதுக்குத்தாங்க அழுதேன்."

தங்கைக்கு முதலில் புரியவில்லை. அக்காவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், புரிந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். கயிறு அறுந்துவிட்டது. இனிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உனக்காக என்று இத்தனை வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய்யும் போய்விட்டது.

"எனக்கு வெக்கமா இருந்துது" என்றார். "அதான் நிஜம். எனக்காகத்தான் பண்ணினேன்."

அவள் தலையாட்டினாள். மன்னித்தேன் என்றும் அதற்கு அர்த்தமில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் இல்லை. தெரியும் என்று அர்த்தம்.

நர்ஸ் வந்தாள். சின்னக் காகிதக் கிண்ணத்தில் மாத்திரைகள். பழக்க தோஷம், பனிக்கரடி எழுந்து வாங்கக் கை நீட்டினார். மனைவி தன் கையை முன்னால் நீட்டினாள், விரல்கள் பாதி மடங்கியபடியே. நர்ஸ் அவளிடமே கொடுத்தாள்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இதுல ஸ்டீராய்டு எது சிஸ்டர்?"

"அந்தக் குட்டி வெள்ளை. கசக்கும்மா, சட்டுனு முழுங்கிடுங்க."

அவள் அதை மட்டும் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். முழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கசப்பு ஏறி முகம் சுருங்கும்வரை காத்திருந்தாள். அவர் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றார். அவள் கண்ணைத் திறந்து, தண்ணீருக்காகத் தங்கை பக்கம் கையை நீட்டினாள்.